வைக்கோல் நிறம்

இன்னும் வரவில்லை. சுகந்தியின் தோசைக்கல்லின்மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல், மணலின்மேல் என் கத்தி, கத்தியின்மேல் என் வலது கண். இடது கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். வலது கண்ணுக்குப் போன மாசியில் புரை எடுத்தார்கள், அன்றிலிருந்து அது உலகத்தைச் சொட்டு நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி காட்டுகிறது. இடதுக்கு இன்னும் எடுக்கவில்லை, அது எதைப் பார்த்தாலும் வைக்கோல் என்கிறது, சுவர் வைக்கோல், பால் வைக்கோல், பெற்ற மகளின் முகம் வைக்கோல். எனக்கு வேண்டியதும் வைக்கோல் நிறம்தான், ஆனால் அது கத்தியில் வந்து உட்கார வேண்டும், என் கண்ணில் அல்ல. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி, கைதவறி விழுந்தால் இரண்டாகப் போகும். அதை மெல்ல மெல்லச் சூடாக்கினால் பளபளப்பின்மேல் நிறம் ஏறும். முதலில் வைக்கோல், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் நீலம், கடைசியில் சாம்பல். கத்தியென்றால் வைக்கோலில் எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். வில்லென்றால், ஸ்பிரிங் என்றால், நீலத்தில். சாம்பல் வரைக்கும் விட்டுவிட்டால் அது கத்தியும் இல்லை வில்லும் இல்லை, வெறும் தகரம். நிறம் வருகிறவரைக்கும் நத்தை மாதிரி வரும், வந்தபிறகு நிற்காது. தும்மக்கூடாது, அசந்து யோசிக்கக்கூடாது, முக்கியமாகக் கதை சொல்லக்கூடாது. கேட்க ஆளில்லை, அது ஒரு நிம்மதி. சுகந்தி பேங்கிலிருந்து ஆறு மணிக்குத்தான் வருவாள். இப்போது இரண்டேகால். அதற்குள் மணலைத் துளசித் தொட்டியில் கொட்டி, கல்லைப் புளி போட்டுத் தேய்த்து, ஒன்றும் தெரியாத மாதிரி கவிழ்த்து வைத்துவிட வேண்டும். போன மாதம் அவளுடைய பால் குக்கரில் மெழுகு உருக்கினேன், அதற்கு, “அப்பா, இன்னொருக்கா பட்டறையை அடுப்படிக்குக் கொண்டு வந்தீங்கன்னா, உங்களைக் கொண்டுபோய் ஒரு பட்டறையில விட்டுருவேன்” என்றாள். நல்ல வாய். எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. தப்பிப்போனால் மறுபடி காய்ச்ச உலை வேண்டும், உலை இருப்பது கணபதியில் ராஜாமணியின் பட்டறையில், ராஜாமணி நேற்று என் கத்தியைத் தோய்த்துக் கொடுத்த கையோடு கடையைச் சாத்திவிட்டு மகளின் வளைகாப்புக்குப் பழனிக்குப் போய்விட்டான். நாளை காலை எட்டு மணிக்குக் கல்லாற்றில் ஒரு மாமரத்தை வெட்டுகிறார்கள், அதற்குள் கத்தி போய்ச் சேர வேண்டும். கத்தியை வாங்க நஞ்சப்பன் ஒரு மணி பஸ்ஸில் மேட்டுப்பாளையத்தில் ஏறியிருப்பான். ஆக எனக்கு இருப்பது இந்த ஒரு தோசைக்கல், இந்த ஒரு தடவை. வரவில்லை. இன்னும் வெள்ளைதான்.

மடக்குக் கத்தியின் கோளாறு எங்கே இருக்கிறது என்றால் அந்த மடிப்பில்தான் இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பத்தேழு வருஷம் பிடித்தது. ஃபேக்டரி டூல் ரூமில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டினவன், மைக்ரோமீட்டர் இல்லாமல் தலைமயிரின் தடிமனைச் சொல்லுகிறவன், ஒருமுறை ஈயின் இறக்கைக்கு வாஷர் போட்டுப் பறக்கவிட்டவன், சரி, ஈ பறக்கவில்லை, ஆனால் வாஷர் போட்டது நிஜம். மடக்குக் கத்தியில் என்ன இருக்கிறது, அலகு, பிடி, இரண்டையும் சேர்க்க ஒரு ரிவெட், அலகை விறைப்பாக நிறுத்த முதுகில் ஒரு வில். வில் நன்றாக இருக்கிறவரைக்கும் கத்தி திறந்தால் டக் என்று நிற்கும். வில் சோர்ந்துபோனால் அதே கத்தி பிடித்திருக்கிறவனைத் திரும்பிப் பார்க்கும். நான் என்ன செய்தேன், மடிப்பை விட்டுவிட்டு மடிப்புக்குக் காவல் போட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் ஒரு பித்தளை வளையம், திருகினால் அலகு மடங்காது, அதில் மண் புகுந்து திருகவே திருகாமல் போயிற்று. அப்புறம் குறுக்கே ஒரு ஊசி, செருகினால் மலையே வந்தாலும் மடங்காது, அந்த ஊசி ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குள் விழுந்து சம்பந்தியின் பல்லில் சிக்கியது, பொய், சம்பந்தி இல்லை, சம்பந்தி வீட்டு டிரைவர். அப்புறம் சுண்டுவிரல் தடிமனுக்கு ரிவெட், கத்தி அம்மிக் குழவி கனத்துக்கு வந்து, சட்டைப் பையில் போட்டால் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தேன், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வைத்தியர் பாரிசவாயு என்று எண்ணெய் எழுதிக் கொடுத்தார். எத்தனை கத்தி, பதினேழு, இல்லை பதினொன்று. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பலம், ஒவ்வொன்றிலும் ஒரு மடிப்பு. அப்புறம் போன ஆவணியில் பேங்கில் ஒரு படிவம் நிரப்ப, வரிசையில் முன்னால் நின்ற ஆள் தன் பேனாவைக் கொடுத்தார். குட்டைப் பேனா, கட்டைவிரல் நீளம்தான். மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினேன், கை நிறையப் பேனா. நின்றது நின்றபடி நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் எழுதுங்க பெரியவரே, எழுதுங்க பெரியவரே என்றார்கள், நான் பெயர் என்று போட்ட இடத்தில் கத்தி என்று எழுதினேன். அந்தப் படிவத்தைச் சுகந்தி இன்னும் வைத்திருக்கிறாள், வேண்டும்போது எடுத்துக் காட்டி மிரட்டுவாள். அதுதான் இது. பழைய அரம் ஒன்றைத் தேய்த்து எடுத்த ஒரே துண்டு எஃகு, முன்னால் அலகு, பின்னால் குட்டை வால். ஈட்டி மரத்தில் ஒரு மூடி. மூடி அலகின்மேல் இருக்கிறபோது நாலு விரற்கடைதான், சட்டைப் பையில் பேனா மாதிரி கிடக்கும். கழற்றி, திருப்பி, வாலில் செருகி இறுக்கினால் அதுவே பிடி. ரிவெட் இல்லை, வில் இல்லை, மடிப்பு இல்லை. விரல்மேல் மூடுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. இவ்வளவு சின்ன விஷயம். இதை அப்போதே யோசித்திருந்தால். பார், கண்ணை எடுத்துவிட்டேன். வரவில்லை, வரவில்லை, நல்லவேளை, வெள்ளைதான். நுனியில் லேசாக ஏதோ, இல்லை, ஜன்னல் வெளிச்சம்.

வெளிச்சம் என்றால் அப்போது கல்லாற்றில் இருந்ததுதான் வெளிச்சம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு எஸ்டேட், ஒரு பக்கம் பாக்கு, ஒரு பக்கம் மா, நடுவில் ஓடை. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை பஸ்ஸின் தலையில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். நஞ்சப்பன் அங்கே ஒட்டுக் கட்டுகிற ஆள். நாங்கள் இரண்டு பேரும் காரமடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வருஷம் பெயிலானவர்கள். நான் இரும்புக்குப் போனேன், அவன் மரத்துக்குப் போனான். நிழல் வலைக்குக் கீழே கோணியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான், மடியில் கன்று, பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றின குச்சிகள். கன்றின் தலையைச் சீவி, நடுவில் ஒரு பிளவு, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இரண்டு சீவல், உள்ளே செருகி, நாடாவால் சுற்றி, அடுத்தது. ஒரு கன்றுக்கு நான் ஒரு பீடியில் பாதிகூடக் குடித்திருக்கமாட்டேன். அவன் கண்ணால் பார்த்துச் செய்வதில்லை, என்னோடு பேசிக்கொண்டே இருப்பான், பார்ப்பதெல்லாம் அந்த ஆள்காட்டி விரல்தான். தோலும் தோலும் சேர்கிற இடத்தை விரல் நுனியால் தடவிவிட்டு, சேர்ந்துருச்சு என்பான், சேர்ந்துவிடும். ஆயிரம் கட்டினால் தொள்ளாயிரத்து எண்பது பிழைக்கும், இது என் கணக்கு இல்லை, எஸ்டேட் மேனேஜரே சொன்னது. அவனிடம் இருந்தது சந்தையில் வாங்கின மடக்குக் கத்தி, பல் போன கிழவன் மாதிரி ஆடும். அதைப் பார்த்து நான்தான் வாயை விட்டேன், நானே ஒன்று செய்து தருகிறேன், உன் பேரன் காலம்வரைக்கும் வரும் என்று. கேட்டது அவன் இல்லை. அவன் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எஸ்டேட் வாசலில் ஒரு மாமரம் இருந்தது, அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கட்டின ஒட்டு, எந்த மரத்தின் குச்சி என்று அவனுக்கே மறந்துபோயிற்று, தாய் மரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பழம் கையளவுதான். தோலோடு தின்னலாம், நாரே இருக்காது, தின்றபிறகு விரலை அரைமணி நேரம் மோந்துகொண்டிருக்கலாம். அதைத்தான் நாளைக்கு வெட்டுகிறார்கள், ரோடு அகலமாகிறதாம். மூன்று வாரத்துக்கு முன்னால் போன் பண்ணினான். ரிட்டயராகி மகன் வீட்டுக்குப் பின்னால் பத்துக் கன்று வைத்திருக்கிறானாம், மரம் போவதற்குள் குச்சி எடுத்து அங்கேயே உட்கார்ந்து கட்டிவிட வேண்டுமாம், குச்சி காய்ந்தால் வராதாம். “கத்தி ஒன்னு வேணும்டா. பையில போடறாப்பல இருக்கோணும். ஆனா மடங்கக்கூடாது” என்றான். நாற்பத்தேழு வருஷத்தில் கத்தி என்ற சொல் அவன் வாயில் அன்றைக்குத்தான் வந்தது. நான் பேனாவைப் பார்த்தது ஆவணியில், அவன் கேட்டது பங்குனியில், செய்து முடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று உடனே ஒரு புளுகு விட்டேன். அப்போது மூடி மட்டும்தான் இருந்தது.

மஞ்சளா. இல்லை. இடது கண் திறந்துவிட்டது, மூடு. வலது கண்ணுக்கு இன்னும் வெள்ளை, இல்லை, பால் விட்ட மாதிரி ஒரு மங்கல். இனிமேல்தான் ஜாக்கிரதை. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், டூல் ரூமில், அன்றைக்கும் இப்படித்தான், மதியச் சாப்பாட்டு மணி, ஆடி மாதம், மிஷின் எல்லாம் நின்று கூரைத் தகடு மட்டும் காற்றில் தடதடக்கிற அந்த அரைமணி நேரம். கட்டிங் ஆயில் வாசனையும் தயிர்ச்சோற்று வாசனையும் சேர்ந்து ஒரு வாசனை வரும், இந்தக் காலத்தில் அது எந்தக் கடையிலும் கிடைக்காது. சொந்த வேலை செய்யக்கூடாது என்று சட்டம், ஆனால் போர்மேன் வரதராஜுலு என் கதைக்கு அடிமை, கதை சொன்னால் கண்டுகொள்ளமாட்டார். ஹாட் பிளேட்டில் மணல், மணலில் நஞ்சப்பன் கத்தியின் வில். அலகு முடிந்துவிட்டது, பிடி முடிந்துவிட்டது, வில் ஒன்றுதான் பாக்கி. சாயங்காலம் நஞ்சப்பன் வந்து வாங்கிக்கொண்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சுற்றி வரதராஜுலு, மில்லிங் மிஷின் தங்கவேலு, இன்னும் நாலைந்து பேர், டிபன் கேரியர் மூடியில் ஊறுகாயோடு. வாளையாற்றிலிருந்து குடையோடு சைக்கிளில் வந்த கதையை எடுத்துவிட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப்பற்றிக் கோயமுத்தூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நான் சொன்ன காற்று வேறு. குடையை விரித்ததும் முன்சக்கரம் எழும்பியது, அப்புறம் பின்சக்கரம், அப்புறம் நான். மதுக்கரைச் சிமெண்டுப் புகைபோக்கி என் செருப்புக்குக் கீழே போகிறது. மிதிக்காமல் இருந்தால் மரியாதையில்லை என்று மிதித்துக்கொண்டே போகிறேன். பக்கத்தில் பார்த்தால் மெட்ராஸ் மெயில், அதுவும் நானும் சரிசமமாக. அப்புறம், என்று யாரோ கேட்டார்கள். அப்புறம் ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள் எனக்கு முறுக்கு நீட்டுகிறாள். அப்புறம். அப்புறம் டி.டி.ஆர். வருகிறார், கறுப்புக் கோட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, டிக்கெட் என்கிறார். தங்கவேலுவுக்குப் புரையேறிவிட்டது. அப்புறம், அப்புறம் என்று அந்தக் குரல் மட்டும் விடவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், வாசற்படியில், வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தான், முகம் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. யார் அது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சேப்பிங் மிஷின் ஆளா, கேண்டீன் ஆளா. அந்த ஒரு அப்புறத்துக்காகத்தான் நான் இன்னும் கொஞ்சம் கையை விரித்தேன், இல்லாத கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டேன், டி.டி.ஆர். மாதிரி மூக்கைத் தூக்கினேன், அப்படியே குனிந்தேன், வில் சாம்பலாகக் கிடந்தது. நீலம் எப்போது வந்தது, எப்போது போனது, தெரியாது. கதை அங்கேயே நின்றது. மணி அடித்துவிட்டது என்று எல்லோரும் போய்விட்டார்கள். மறுபடி காய்ச்சியிருக்கலாம். ஒரு நாள் ஆகும், நாளைக்கு வாடா என்று நஞ்சப்பனிடம் சொல்லியிருக்கலாம், பஸ்ஸுக்கு ஒரு ரூபாயோ என்னவோ. ஆனால் நான் கெட்டிக்காரன் அல்லவா. வில்லை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வளைத்து இறுக்கிப் பூட்டினேன். திறந்தேன். டக் என்றது. அன்றைக்கு டக் என்றது. நஞ்சப்பன் கேட்டில் வாட்ச்மேனோடு நின்றிருந்தான், கையில் கொடுத்தேன், நாலு தடவை திறந்து மூடினான், டக், டக், காதில் வைத்துக் கேட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பை நான் என்ன செய்வது.

ஐப்பசியில் தகவல் வந்தது. கத்தி நுனியைப் பிளவில் வைத்து அழுத்தியிருக்கிறான், நுனி மரத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, வில் பொறுக்கவில்லை, அலகு மடங்கி வந்து அந்த ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு நாலு நாள் வேலை பார்த்திருக்கிறான், அப்புறம் புரையோடி, டாக்டர் இரண்டு கணுவை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் எஸ்டேட் ஆட்கள், அவன் அம்மா, பக்கத்துக் கட்டில்காரர்கள், எப்படிப்பா ஆச்சு என்று யாரோ கேட்டார்கள், நஞ்சப்பன் வாயைத் திறக்கப்போனான். அதற்குள் நான் சிறுத்தை என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. மா மரத்துக்குமேல் இவன், கீழே சிறுத்தை, குச்சி வெட்டக் கையை நீட்டியிருக்கிறான், அது மரியாதைக்குக் கை கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டது. விரலைத் தின்னவில்லை, வாயில் பீடி மாதிரி வைத்துக்கொண்டு மூன்று நாள் எஸ்டேட்டைச் சுற்றிற்று, ஊட்டிக்கு வழி தெரியாமல் நிற்கிற லாரிக்காரர்களுக்கு அதைக் கொண்டு வழி காட்டிற்று. வார்டே சிரித்தது. அவன் அம்மாகூடச் சிரித்தாள். நஞ்சப்பன் என்னைப் பார்த்தான். ஒரு நிமிஷம் இருக்கும். அந்தப் பார்வையை நான் எத்தனையோ விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன், இன்னும் எழுத்துக் கூட்டத்தான் வருகிறது. அப்புறம் அவனும் சிரித்து, “பொம்பளைச் சிறுத்தைங்க” என்றான். அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருடைய கதை. நான் விட்ட இடத்தில் அவன் எடுப்பான், அவன் விட்ட இடத்தில் நான். அவன் கல்யாணத்தில், தாலியின் முதல் முடிச்சுக்கு அந்தக் கை தடுமாறி நூல் நழுவி நழுவிப் போயிற்று, மேளக்காரர்கள் கெட்டிமேளம் அடித்து அடித்துக் கை ஓய்ந்தார்கள், பின்னால் நின்ற நான் சிறுத்தைக்கும் பத்திரிகை வைத்திருக்கலாம் என்றேன், பந்தல் முழுக்கச் சிரிப்பு, நஞ்சப்பன் காது சிவந்துபோயிருந்தது. எஸ்டேட்டில் ஒட்டுக் கட்டுகிற வேலையை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு ஆட்களை மேய்க்கிற வேலை கொடுத்தார்கள், சம்பளம் குறையவில்லை, எல்லோரும் நல்லது என்றார்கள். அவன் அதற்கப்புறம் ஒரு குச்சி செருகினதை நான் பார்த்ததில்லை.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். கத்தியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நஞ்சப்பா, உன் விரலை வெட்டினது நான்தான். சேச்சே, இது நாடகம், நானே நம்பமாட்டேன். நஞ்சப்பா, அந்த வில் இருக்கிறதே, அது நீலம் தாண்டிப்போயிற்று. நீலமா, என்ன நீலம் என்பான், ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டும், விளக்க ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது, அங்கே ஒரு முறுக்கு, இங்கே ஒரு டி.டி.ஆர்., முடிக்கும்போது அது இன்னொரு கதையாகிவிடும், அவன் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, நல்லாருக்குதுடா, இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாம் என்று கிளம்பிவிடுவான். நிஜத்தைச் சொன்னால் நம்பாத அளவுக்கு வாயைக் கெடுத்து வைத்திருக்கிறேன். அது ஒரு பயம். இன்னொரு பயம், நம்பிவிட்டால். சிரிக்காமல், பையை எடுத்துக்கொண்டு, கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டால். எழுபத்து மூன்று வயதில் புதிதாக இன்னொரு சினேகிதனுக்கு எங்கே போவது, என் கதையில் பாதி அவனிடம் இருக்கிறது. சொல்லாமலே இருந்துவிடலாம். கத்தி பேசட்டும், மடங்காத கத்தி, இதைவிட என்ன மன்னிப்பு. இல்லை. கத்தி பேசாது, முப்பத்து மூன்று வருஷம் அதுகளோடு இருந்தவன் சொல்கிறேன், அதுகள் பேசாது. நெற்றியில் வியர்வை. துடைக்கக் கையை எடுத்தால் கண் போகும். மங்கல் கெட்டியாகிறது. வலது கண்ணுக்கு அது ஈயம் மாதிரி தெரிகிறது, அந்தக் கண் மஞ்சளைத் தின்றுவிடுகிறதோ. இடதைத் திறந்தால் எல்லாமே வைக்கோல், மணலும் வைக்கோல், இடுக்கியும் வைக்கோல். இரண்டையும் திறந்தால் எதுவோ ஒன்று, எதை நம்புவது. இப்போதா, இன்னும் கொஞ்சமா. முன்னாலேயே எடுத்தால் நாளைக்குக் குச்சியின் நடுவில் அலகு கண்ணாடியாகத் தெறிக்கும். பின்னால் எடுத்தால் பழைய கதை. வாசல் கதவு கிறீச்சிட்டது. தாழ் போடாமல் வைத்திருக்கிறேன், தள்ளிக்கொண்டு வந்துவிடு என்று போனிலேயே சொல்லியிருந்தேன். செருப்புக் கழற்றுகிற சத்தம், இருமல், அந்த இருமலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன்.

“என்றா, மக இல்லாத நேரம் பார்த்துத் தோசை சுடறயா” என்றான் நஞ்சப்பன்.

இங்கே வா, நான் திரும்ப முடியாது என்றேன், சொல்லிக்கொண்டே திரும்பிவிட்டேன். அடுப்படி வாசற்படியில் நின்றிருந்தான். பின்னால் பால்கனி வெயில். முகம் தெரியவில்லை, ஒரு தோளில் துணிப்பை, ஒரு தோள் கொஞ்சம் கீழே. இந்த உருவத்தை, இதே மாதிரி, எங்கேயோ பார்த்திருக்கிறேன். கத்தியிடம் திரும்பினேன். என் வாய் என்னைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டது, இன்றைக்கு லிஃப்டில் ஒரு சிறுத்தை வந்ததுடா, மூன்றாவது மாடியா என்று கேட்டது, வாயில் இன்னும் உன் விரல். அவன் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திவிட்டேன். “நஞ்சப்பா,” என்றேன், “அந்தக் கத்தியில, அந்த வில்லு.” அதற்குமேல் வரவில்லை. வலது கண் ஈயம் என்றது, இடது கண் வைக்கோல் என்றது.

“வைக்கோல் வந்துருச்சு. எடு,” என்றான் தோளுக்குப் பின்னாலிருந்து. “இந்தத் தடவையாவது எடுடா.”

எடுத்தேன். பக்கத்தில் வைத்திருந்த செம்புத் தண்ணீரில் போட்டேன். சுர் என்றது. செம்புக்குள் கத்தி வெளிறின வைக்கோல் நிறத்தில், நுனியிலிருந்து வால்வரைக்கும் ஒரே சீராக, அறுப்பு முடிந்த மறுநாள் களம் மாதிரி கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவனைப் பார்க்க முடியவில்லை. அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததைச் சொல்லி, அதே குரலில் மீதியையும் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே கத்தியை மேட்டுப்பாளையத்தில் ஒரு கொல்லனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். கொல்லன் வில்லைக் கழற்றி இரண்டு விரலால் வெற்றிலைக் காம்பு மாதிரி வளைத்துக் காட்டி, நீலம் தாண்டிப்போக விட்ட கழுதை யார் என்று கேட்டிருக்கிறான். எது எதற்கு எந்த நிறம் என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டானாம்.

“அன்னைக்குக் கேட்ல நிக்கச் சொன்ன, நான் எங்க நின்னேன். மத்தியானமே வந்து உங்க வாட்ச்மேனுக்கு ரெண்டு மாங்கா குடுத்துட்டு உள்ள வந்துட்டேன். வாசப்படியில நின்னு பார்த்துட்டேதான் இருந்தேன். நீலம் வந்துச்சு, மயில் கழுத்தாட்டம். அப்புறம் போயிருச்சு. என்னமோ ஆயிப்போச்சுன்னு எனக்கே தோணுச்சு. சொல்லலாம்னா நீ ரயிலுக்குப் பக்கத்துல பறந்துட்டிருந்த. நான்தான அப்புறம் அப்புறம்னு கேட்டுட்டிருந்தேன்.”

“ஏண்டா இத்தனை வருஷம் சொல்லலை.”

“நீயும்தான் சொல்லலை,” என்றான். “கதை கேட்டவனுக்கும் பாதி விரல் பங்கிருக்குதில்ல.”

கத்தியைத் துடைத்துக் கொடுத்தேன். மூடியை நான் காட்டித்தரவில்லை, அவனே திருப்பிப் பார்த்து, வாலில் செருகி, இறுக்கினான். ஆள்காட்டி விரலின் மொட்டை நுனி அலகின் முதுகில் போய் உட்கார்ந்தது. நுனியைச் சுகந்தியின் காய்வெட்டும் பலகையில் குத்தி, முழங்கையை விறைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினான். பலகைதான் முனகியது. அவன் காதருகே கொண்டுபோய் அசைத்துப் பார்த்தான், அதில் சத்தம் போட ஒன்றுமில்லை. பையிலிருந்து ஈரத்துணிச் சுருளை எடுத்தான், மரத்தின் முதல் குச்சியை இன்று காலையிலேயே ஒடித்து வந்துவிட்டானாம், பழகிப் பார்க்க. மடியில் துண்டை விரித்துச் சீவ ஆரம்பித்தான். முதல் சீவல் கோணல். இரண்டாவதும் கோணல். மூன்றாவதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினான். அடுப்படி முழுக்க மாம்பால் வாசனை.

“ஆமா,” என்றான் தலையைத் தூக்காமல், “அந்த டி.டி.ஆர். கைய நீட்டினான், டிக்கெட்டுன்னான். அன்னைக்கு அதோட விட்டுப்போட்டயே. அப்புறம்?”

முதலில் போய் அடுப்பை அணைத்தேன். அப்புறம்தான் ஆரம்பித்தேன்.